திண்ணைப் பள்ளிக்கூடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுத் தொடக்கப் பள்ளிகள் வருவதற்கு முன்பு, தமிழ்நாட்டு ஊர்களில் பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் கற்ற இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். இன்று அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் ஒரு சாரார் அதைப் பொற்காலமாகக் காட்டுகிறார்கள். மற்றொரு சாரார் பிரம்படியையும் மனப்பாடத்தையும் மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். ஊர் தன் செலவில் நடத்திய அந்தப் பள்ளி எதைக் கற்பித்தது என்பதையும் யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைப்பதால் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

திண்ணைப் பள்ளிக்கூடம் என்ற பெயர் எப்படி வந்தது?

தெருவை ஒட்டி வீட்டு வாசலின் இருபுறமும் கட்டப்பட்ட மேடையே திண்ணை. வழிப்போக்கர் இளைப்பாறவும், ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசவும் பயன்பட்ட அந்த இடத்திலேயே வாத்தியார் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார். பள்ளிக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. வாத்தியார் வீட்டுத் திண்ணையோ, ஊரில் வசதியுள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, மரத்தடியோ போதும். ஆங்கில அதிகாரிகள் இதைப் ‘பையல் ஸ்கூல்’ என்று தங்கள் அறிக்கைகளில் எழுதினார்கள்; திண்ணைக்கு அவர்கள் வழங்கிய சொல் ‘பையல்’ (pial).

பள்ளி என்ற சொல் அதைவிடப் பழையது. சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடங்களுக்குப் பள்ளி என்று பெயர். அங்கே கல்வியும் கற்பிக்கப்பட்டதால் அச்சொல் கல்விக்கூடத்துக்கு ஆகிவந்தது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

வாத்தியார் யார்? அவருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்?

உபாத்தியாயர், வாத்தியார், தென்பாண்டிப் பக்கத்திலும் ஈழத்திலும் அண்ணாவி என்றெல்லாம் அவரை அழைத்தார்கள். அவரை அரசு நியமிக்கவில்லை. ஊரார் அழைத்து வந்து குடிவைத்தவராகவோ, தந்தை நடத்திய பள்ளியைத் தொடர்ந்து நடத்துபவராகவோ அவர் இருந்தார். மாதந்தோறும் பிள்ளைக்கு இவ்வளவு என்று சில அணாக்கள் கிடைக்கும். பணம் கொடுக்க இயலாத வீடுகள் நெல்லும் காய்கறியும் கொடுத்தன. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. பிள்ளை ஒரு சுவடியை முடித்து அடுத்த சுவடி தொடங்கும் நாளில் வேட்டி, வெற்றிலை பாக்கு, காசு என்று தனியாக மரியாதை செய்வார்கள்.

இவ்வளவும் சேர்ந்தும் அவர் வாழ்க்கை வளமாக இருக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, வாத்தியார்கள் பொதுவாக மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது என்றும் 1826ஆம் ஆண்டில் எழுதினார்.

பிள்ளையை எந்த வயதில், எப்படிச் சேர்த்தார்கள்?

ஐந்து வயது நிறைந்ததும் சேர்ப்பது வழக்கம். விஜயதசமி அதற்குரிய நாள். வேறு நல்ல நாள் பார்த்தும் சேர்த்தார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்தி, அவல், பொரி, கடலை, வெல்லம், வெற்றிலை பாக்குடன் பள்ளிக்கு அழைத்து வருவார்கள். பிள்ளையாருக்குப் பூசை முடிந்ததும் வாத்தியார் பிள்ளையின் ஆட்காட்டி விரலைத் தம் கையால் பிடித்து, பரப்பிய அரிசியிலோ மணலிலோ முதல் எழுத்தை எழுதச் செய்வார். கொண்டுவந்த பொரியும் கடலையும் மற்றப் பிள்ளைகளுக்குப் பங்கிடப்படும். புதிதாக வந்த பிள்ளையின் அழுகையை அடக்க அந்தப் பொரியைவிடச் சிறந்த உபாயம் வேறெதுவும் இருந்திருக்க முடியாது.

பிள்ளை முதலில் சொல்லிப் பழகிய தொடர் ‘அரி நமோத்து சிந்தம்’ என்பது. ‘ஹரி நமோஸ்து சித்தம்’ என்ற வடமொழித் தொடர் பிள்ளைகள் வாயில் இவ்வாறு ஆயிற்று. அதிலுள்ள ‘சித்தம்’ என்ற சொல் சமணர் வழிபாட்டுத் தொடரின் எச்சம் என்பர். எழுத்துச் சுவடிக்கு அரிச்சுவடி என்ற பெயர் வந்ததும் முதலில் உள்ள அந்த ‘அரி’யால்தான்.

பள்ளியில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது?

இதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. பெல்லாரி மாவட்டக் கலெக்டராக இருந்த ஏ. டி. கேம்பல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கையில், பிள்ளைகள் காலை 6 மணிக்கே வந்துவிடுவதாகவும், 9 மணியளவில் காலை உணவுக்கு வீடு சென்று திரும்புவதாகவும், பிறகு 11 மணி வரையிலும், பிற்பகல் 2 அல்லது 3 மணி முதல் இருட்டும் வரையிலும் பள்ளி நடப்பதாகவும் எழுதியிருக்கிறார். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் பெருமைக்கு அடையாளமாகச் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாவதாக வருபவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தவனுக்கு மூன்று என்று அடி ஏறிக்கொண்டே போகும்.

அவர் விவரித்தது தெலுங்கும் கன்னடமும் வழங்கிய மாவட்டத்தின் பள்ளிகளை. ஆனால் விடியுமுன் வந்து சேர்வதும், வந்த வரிசைப்படி பிரம்பு வாங்குவதும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் இருந்த வழக்கங்களே. மாலையில் வீடு திரும்புமுன் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று வாய்பாட்டை ஒரே குரலில் சொல்வார்கள். ஒருவன் முன்னே சொல்ல, மற்றவர்கள் தொடர்ந்து சொல்லும் அந்த ஓசை தெருக்கோடி வரை கேட்கும். ஊருக்கு அதுவே மாலைப்பொழுதின் அடையாளமாகவும் இருந்தது.

எதில் எழுதினார்கள்?

முதலில் மணல். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வாயால் அதன் பெயரைச் சொல்லி, உள்ளங்கையால் அழித்து மீண்டும் எழுத வேண்டும். கையும் வாயும் கண்ணும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் பயிற்சி அது. செலவு ஒரு காசும் இல்லை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், வயது முதிர்ந்த ஒரு தமிழ் வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தும்படி கேட்டுக்கொண்டு, சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் எழுத்துகளைக் கற்றார்.

எழுத்து கைக்கு வந்த பிறகு பனையோலை. இடக்கையில் ஓலையைப் பிடித்து, வலக்கையால் இரும்பு எழுத்தாணியைக் கொண்டு கீற வேண்டும். அழுத்தினால் ஓலை கிழியும்; அழுத்தாவிட்டால் எழுத்து விழாது. புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்பதால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. கீறிய எழுத்து ஓலையின் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இலைச்சாற்றில் கரியைக் குழைத்து ஓலைமேல் பூசித் துடைப்பார்கள். கீறலுக்குள் கரி தங்கிக்கொள்ள, எழுத்து கறுப்பாக எழும். மஞ்சளும் பூசுவது உண்டு. புதுச் சுவடிக்கு இவ்வாறு மை பூசுவதை மையாடல் என்று ஒரு சிறு சடங்காகவே செய்தார்கள்.

என்னென்ன பாடங்கள் இருந்தன?

அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வெற்றிவேற்கை, மூதுரை, நல்வழி, உலகநீதி ஆகிய நீதிநூல்கள் வரும். பிறகு சதகங்கள், நிகண்டு. நிகண்டு என்பது ஒரு பொருளுக்குரிய பல சொற்களைச் செய்யுளாகத் தொகுத்த நூல். அகராதியைப் புரட்டும் வேலையைப் பிள்ளையின் நினைவே செய்துவிடும். ஓலையில் உள்ள கையெழுத்துகளை வேகமாகப் படிக்கவும், கடிதமும் கைச்சாத்தும் எழுதவும் பழக்குவார்கள்.

பொருள் புரியாமல் மனப்பாடம் செய்ய வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்திலேயே எழுந்தது. கேம்பலும் அதைச் சொல்லியிருக்கிறார். அதில் உண்மை இருக்கிறது. அதே நேரம், ஊருக்கு ஒரு சுவடி இருப்பதே அரிதாக இருந்த காலத்தில், நினைவில் இருந்தால்தான் நூல் கையில் இருந்ததாகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1855இல் பிறந்து, பின்னாளில் சங்க நூல்களைத் தேடி அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரும் இத்தகைய திண்ணையில்தான் தம் படிப்பைத் தொடங்கினார்.

கணக்கை எப்படிக் கற்பித்தார்கள்?

என் கருத்தில், இந்தப் பள்ளியின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியவை இதற்குரிய சுவடிகள்.

பொன்னிலக்கம் பின்னங்களின் வரிசை. அடிப்படை அளவு முந்திரி. அது ஒன்றில் 320இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி (1/160). இரண்டு அரைக்காணி ஒரு காணி (1/80). இரண்டு காணி ஓர் அரைமா (1/40). இரண்டு அரைமா ஒரு மா (1/20). மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி (1/16). அதற்கு வீசம் என்றும் பெயர். இரண்டு மாகாணி அரைக்கால் (1/8), இரண்டு அரைக்கால் கால். ஏன் 320 என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பாதி பாதியாகப் பகுத்துக்கொண்டே போனால் 16 வரும். ஐந்தும் நான்குமாகப் பகுத்தால் 20 வரும். இரண்டுக்கும் பொதுவாக மீதியின்றி வகுபடும் எண் 80. அதை மேலும் நான்காகப் பகுத்தால் முந்திரி. எதைக் கூட்டினாலும் மீதி தொங்காத அளவு அது. மாகாணி என்ற பெயரைச் சொல்லும்போதே ஒரு கூட்டல் கணக்கு முடிந்துவிடுகிறது! முந்திரியையும் 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. அது 1,02,400இல் ஒரு பங்கு.

நெல்லிலக்கம் முகத்தலளவை. 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். களத்தில் நெல் அளக்கிறவர்கள் நாள்தோறும் சொன்ன சொற்கள் இவை. பிள்ளை திண்ணையில் கற்றதை வீட்டிலும் வயலிலும் உடனே கேட்டது.

எண்சுவடி பெருக்கல் வாய்பாடு. முழு எண்களோடு நின்றுவிடாமல் பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் வாய்பாடும் அதில் உண்டு. குழிமாற்று நில அளவைக்குரியது: நீளத்தையும் அகலத்தையும் கோலால் அளந்து பெருக்கினால் பரப்பு குழியாக வரும். தஞ்சைப் பக்கத்தில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அதாவது ஒரு மா நிலம் என்பது வேலியில் 20இல் ஒரு பங்கு. பின்னத்தின் பெயரும் நிலத்தின் பெயரும் ஒன்றே. இந்தச் சுவடிகளை முடித்த பிள்ளை, தாளும் கோலும் இல்லாமல், விளைச்சலைப் பங்கு பிரிக்கும் வாரக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் வாயால் சொல்லிவிடும்.

ஒரே வாத்தியார் இத்தனை பிள்ளைகளை எப்படிச் சமாளித்தார்?

சட்டாம்பிள்ளையின் துணையோடு. பெரிய பிள்ளைகளில் கெட்டிக்காரன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக வைப்பார். வாத்தியார் இல்லாத நேரத்தில் பள்ளியைப் பார்த்துக்கொள்வதும், சிறுபிள்ளைகளுக்கு முறை சொல்லிக் கொடுப்பதும், வராத பிள்ளையை வீட்டுக்கே போய் இழுத்து வருவதும் அவன் வேலை. மேலே படித்தவன் கீழே படிப்பவனுக்குக் கற்பிப்பதால் இருவருக்கும் பாடம் உறுதிப்படும்.

இந்த முறை கடல் கடந்து போயிற்று. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை 1789 முதல் கவனித்து வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் தொடங்கினார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே அழைக்கப்படுகிறது. எந்தத் திண்ணையில் அவர் அதைப் பார்த்தாரோ, அந்த வாத்தியாரின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

விடுமுறையும் விழாக்களும் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. அமாவாசையும் பௌர்ணமியுமே விடுமுறை நாட்கள். அவற்றை வாவு என்றார்கள். உவவு என்ற பழைய சொல்லே வாவு ஆயிற்று. ஆண்டின் பெரிய விழா நவராத்திரி. அப்போது பிள்ளைகள் நல்ல உடை உடுத்தி, கோலாட்டக் கோல்களோடு வாத்தியாரின் பின்னால் வீடு வீடாகச் சென்று, அதற்கென்று கற்ற பாடல்களைப் பாடிக் கோலாட்டம் அடிப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வாத்தியாருக்குப் பணமும் பிள்ளைகளுக்குப் பண்டமும் கிடைக்கும். ஆண்டு முழுவதும் பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்பதை ஊரே நேரில் பார்க்கும் நாட்கள் அவை. சரசுவதி பூசையன்று சுவடிகளை அடுக்கிப் பூசை செய்து, மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் படிப்பார்கள்.

தண்டனைகள் கடுமையாக இருந்தன என்பது உண்மையா?

உண்மைதான். குட்டு, பிரம்படி, தோப்புக்கரணம் ஆகியவை நாள்தோறும் நடந்தன. கோதண்டம் என்ற தண்டனையில், உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை தொங்க வேண்டும். ஓடிப்போகும் பிள்ளையின் காலில் கட்டையைப் பூட்டுவதும் உண்டு. இவற்றை அந்தக் காலத்துக் கண்டிப்பு என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை; ஐந்து வயதுப் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடுவது எந்தக் காலத்திலும் கொடுமையே.

எத்தனை பள்ளிகள் இருந்தன? கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. மன்றோ 1822 ஜூன் 25 அன்று எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுவதும் கலெக்டர்களிடமிருந்து பள்ளிகளின் கணக்குத் திரட்டப்பட்டது. 1826 மார்ச் 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில் 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகத் தெரிகிறது. ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒரு பள்ளி. இது இன்றைய தமிழ்நாட்டை மட்டுமன்றி ஆந்திரம், கர்நாடகம், கேரளம் ஆகியவற்றின் பகுதிகளையும் சேர்த்த கணக்கு. வீட்டில் கற்றவர்களையும் சேர்த்தால் ஆண்பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெற்றிருக்கலாம் என்று மன்றோ மதிப்பிட்டார்.

1931இல் காந்தியடிகள் லண்டனில், ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இந்தியாவில் எழுத்தறியாமை மிகுந்துவிட்டது என்று பேசியதும், அதை பிலிப் ஹார்டாக் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் மறுத்துச் சான்று கேட்டதும் நெடிய விவாதமாயிற்று. தரம்பால் என்ற காந்தியர் இந்தக் கணக்குகளை ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து 1983இல் நூலாக வெளியிட்ட பிறகே பலருக்கும் இவை தெரியவந்தன.

அப்படியானால் எல்லாருக்கும் கல்வி கிடைத்ததா?

இல்லை. இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டும். அதே கணக்கின்படி தமிழ் மாவட்டங்களில் மாணவர்களில் பெரும்பான்மையோர் பிராமணர் அல்லாதார் என்பது உண்மை. அதிகாரிகள் ‘சூத்திரர்’ என்றும் ‘பிற சாதியார்’ என்றும் குறித்தவர்கள் சேலத்திலும் திருநெல்வேலியிலும் ஏறத்தாழ 70 விழுக்காடும், தென்னாற்காட்டில் 84 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தனர். ஆனால் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதியாரின் பிள்ளைகளுக்கு, எந்தத் தெருவில் நடக்கவே தடை இருந்ததோ அந்தத் தெருத் திண்ணையில் உட்கார இடமே இல்லை. வயலில் நெல்லை அறுத்து அளந்து கொட்டியவர்களின் பிள்ளைகளுக்கு நெல்லிலக்கம் மறுக்கப்பட்டது. அவர்களுக்கென்று பள்ளிகள் மிஷன் காரர்களாலும், 1894இல் சென்னையில் கர்னல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி போன்ற முயற்சிகளாலும் பின்னரே வந்தன.

பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை 1,88,650இல் 4,540 மட்டுமே. அவர்களிலும் பலர் நாட்டியம் சார்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்று அன்றைய அதிகாரிகள் எழுதினார்கள்.

இந்தப் பள்ளிகள் ஏன் மறைந்தன?

முதல் காரணம் வறுமை. முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது இல்லை என்று கேம்பல் 1823லேயே எழுதி, நாடு படிப்படியாக ஏழ்மைப்பட்டதே அதற்குக் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஊரின் விளைச்சலில் பெரும்பங்கு வரியாகப் போனபின் வாத்தியாருக்குக் கொடுக்க ஊரில் என்ன மிஞ்சும்?

1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பிறகு உதவித்தொகை முறை வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து தேர்வு வைத்து, தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் கொடுத்ததால், வாத்தியார்கள் அச்சிட்ட பாடநூல்களுக்கும் புதிய கணக்குக்கும் மாறினார்கள். திண்ணைப் பள்ளிகள் பல அழிக்கப்படவில்லை. அவையே உதவிபெறும் பள்ளிகளாக உருமாறின. 1920இல் வந்த சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்துக்குப் பின் பொதுப்பள்ளிகள் பெருகின. நாணயம் 1957 ஏப்ரலில் தசம முறைக்கு மாறியதும், அடுத்த ஆண்டு முதல் மெட்ரிக் எடைகள் வந்ததும் மாகாணிக் கணக்குக்குச் சந்தையில் இருந்த கடைசிப் பயனையும் எடுத்துவிட்டன. தெருவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பலகையில் உட்காரும் பள்ளி வந்தது பொதுப்பள்ளிகள் பெருகிய இந்த மாற்றத்தினால்தான். அதை இழப்பு என்று நான் எண்ணவில்லை. கணக்கு முறை போனதைத்தான் இழப்பு என்கிறேன்.

இன்று எது எஞ்சியிருக்கிறது?

விஜயதசமியன்று பிள்ளையைச் சேர்ப்பதும், அரிசியில் எழுத வைப்பதும் எஞ்சியுள்ளன. கால், அரை, முக்கால் எல்லார் வாயிலும் இருக்கின்றன. ‘இம்மியளவும்’ என்று சொல்லும்போது அந்தப் பின்ன வரிசையின் மிகச் சிறிய அளவுகளில் ஒன்றைத்தான் சொல்கிறோம். ‘பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி அதிகாரம் செய்கிறான்’ என்ற பேச்சும் மறையவில்லை.

எங்கள் வீட்டுப் பரணில் பழைய ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவை பள்ளிச் சுவடிகளாக இருக்குமா? என்ன செய்வது?

இருக்கக்கூடும். பக்கம் முழுவதும் செய்யுள் வரிகளாக இல்லாமல், சிறு குறியீடுகள் நிரல் நிரலாக இருந்தால் அது எண்சுவடியாகவோ நெல்லிலக்கமாகவோ இருக்கலாம். முற்காலத்தில் பழுதுபட்ட சுவடிகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டார்கள். அவ்வாறு போன நூல்கள் திரும்பவில்லை. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். தண்ணீரோ எண்ணெயோ தொடாதீர்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்கவும் முயல வேண்டாம். மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டி, பருத்தித் துணியில் சுற்றி, சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ, உ. வே. சாமிநாதையர் நூலகத்திலோ, தஞ்சை சரசுவதி மகாலிலோ, தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ காட்டுங்கள். சுவடியின் கடைசி ஏட்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எழுதிய பிள்ளையின் பெயரும், வாத்தியாரின் பெயரும், எழுதி முடித்த ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.